திருவொற்றியூர்க் கல்வெட்டுகளும் மொழிபெயர்ப்புத் தேர்வும்

இடைக்காலத் தமிழக வரலாற்றை ஆராய்வோர்க்குக் கல்வெட்டே முதற்சான்று. எனினும் அதனை மூலத்திலேயே கற்கும் வாய்ப்பு எல்லோர்க்கும் கிட்டுவதன்று. மொழிபெயர்ப்பையோ சுருக்கத்தையோ துணைக்கொள்ள நேர்கின்றது. அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதனைத் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிற் கல்வெட்டுகள் கொண்டு ஈண்டு ஆராய்வோம். இன்று துறைமுகச் சரக்கு வண்டிகளின் இரைச்சலுக்கும் ஆலைகளுக்கும் இடையே நிற்கும் அக்கோயில், பிற்காலப் பல்லவர் முதல் சோழர் ஈறாகப் பல நூற்றாண்டுச் சாசனங்களைத் தாங்கியுள்ளது.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் மூன்று தொகுதிகள் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் உடையன. ஹுல்ஷ் தொடங்கிக் கிருஷ்ண சாஸ்திரியார் தொடர்ந்த மூன்றாந் தொகுதியில், முதற் பராந்தகன் காலத்துத் திருவொற்றியூர்ச் சாசனங்கள் சில உள. நான்காந் தொகுதி முதற்கொண்டு பெரும்பாலும் மூலமே அச்சேறிற்று. ஆண்டறிக்கைகளோ பொருளை ஓரிரு வரியிற் சுருக்கியுரைப்பன. மாணவர் கைக்கு எளிதில் எட்டுவது அச்சுருக்கமே. இடர்ப்பாடும் அங்கேயே தொடங்குகின்றது.

நந்தாவிளக்கு அறத்தைக் கருதுவோம். விளக்கொன்றுக்குத் தொண்ணூறு ஆடு விடுவது சோழர் காலத்துப் பெருவழக்கு. அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று சாசனங்கள் குறிக்கும். இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, இறவாத, மூப்படையாத பெரிய ஆடுகள் எனின், படிப்போர் அதனைக் கற்பனை எனக் கொண்டு நகைப்பர். ‘தொண்ணூறு ஆடுகள் கொடுத்தான்’ என்று சுருக்கினாலோ, படிப்பதற்கு இனிதாயிருக்கும், வரலாறு மறைந்துவிடும். ஆடு இறக்கும், மூப்பும் எய்தும், குட்டியும் ஈனும். இறந்ததற்கு ஈடாகக் குட்டியை நிரப்பித் தொண்ணூறு என்னும் எண் குறையாது காத்து, நாடோறும் உழக்கு நெய் அளக்கக் கடவன் அவற்றை ஏற்ற மன்றாடி. அக்கடப்பாடு சந்திராதித்தர் உள்ளளவும் அவன் வழியினரையும் பற்றும். இத்துணையும் அவ்விரு எதிர்மறைப் பெயரெச்சங்களுள் அடங்கிக் கிடக்கின்றது. ஆதலின், சாவவும் மூக்கவும் கூடாத ஆடுகள் என்று கடப்பாட்டுப் பொருளை வெளிப்படுத்தி, தமிழ்த் தொடரையும் உடன் காட்டும் மொழிபெயர்ப்பே கொள்ளத்தக்கது. மூலத்தில் இல்லாத சொல்லொன்று ஈண்டுப் புகுகின்றதே எனின், புகுதல் குற்றமன்று. பொருள் நிறைவுக்கு அது வேண்டுவதேயாம்.

பொன் முதலும் இத்தகையதே. அபராசிதன் காலத்து இக்கோயிற் சாசனங்களில் கழஞ்சொன்றுக்கு ஆண்டுதோறும் மூன்று மஞ்சாடி பலிசை என்னும் வீதம் காணப்படுகின்றது. கழஞ்சு இருபது மஞ்சாடி ஆதலின், இது நூற்றுக்குப் பதினைந்து. முப்பது கழஞ்சு வைப்பின் ஆண்டுக்குத் தொண்ணூறு மஞ்சாடி, அஃதாவது நாலரைக் கழஞ்சு கிடைக்கும். வெறுமனே ‘வட்டிக்குப் பொன் வைத்தான்’ எனப் பெயர்ப்பவர், பொருளியல் ஆராய்வோன் கையிலிருந்த அளவுகோலைப் பறித்துக்கொள்கின்றார்.

குறைத்தலினும் மிகுத்தல் கொடிது என்பது எம் கருத்து. இரண்டாம் இராசாதிராசனது ஒன்பதாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று, இவ்வூர்த் திருவிழாவில் அரசனும் சதுரானன பண்டிதரும் வாகீச பண்டிதரும் இருக்க, ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணம் கேட்கப்பெற்றதைத் தெரிவிக்கின்றது. ஆளுடைய நம்பி சுந்தரர். சங்கிலியாரை அவர் மணந்த ஊரும் இதுவே. இத்தொடரைப் ‘பெரியபுராணம் படிக்கப்பெற்றது’ என்று பெயர்ப்பாரும் உளர். சேக்கிழாரை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவராகக் கொள்ளின், அவர் நூல் அதற்குள் பரவியிருத்தல் இயல்வதே. ஆயினும் அஃது ஆராய்ச்சியாளர் நிறுவ வேண்டிய முடிபு. மொழிபெயர்ப்பாளர் முன்னரே முடித்துத் தரத்தக்கதன்று. சுந்தரர் வரலாறு மட்டும் கூறும் தனிநூலாகவும் அது இருந்திருக்கலாம். அம்மொழிபெயர்ப்பை நம்பிச் சேக்கிழார் காலத்தை நாட்டப் புகுவோன், தான் தேடிய சான்றைத் தானே எழுதிய வரியிற் கண்டவனாவான். ‘ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணம்’ என அவ்வாறே வைத்து, பெரியபுராணம் ஆதல் கூடும் என்பதை அடிக்குறிப்பில் உரைக்கும் பதிப்பையே முதுகலை மாணவர் நாடுதல் வேண்டும்.