இந்திரனைக் காப்பாற்றிய கொட்டாவி

அம்பத்தூரை ஒட்டியிருக்கும் மேனாம்பேட்டில் விடியற்காலை பஸ்ஸுக்கு நின்று பாருங்கள். எஸ்டேட்டில் முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்பிய ஒருத்தர் 'ஆ...வ்' என்று வாயைப் பிளப்பார். அடுத்த நிமிஷமே பக்கத்தில் நிற்பவருக்கும் வந்துவிடும்! வயசான பாட்டியாக இருந்தால் வாய்க்கு முன்னால் விரலைச் சொடுக்கி, 'சிவ சிவா' என்பார். திறந்த வாய் வழியே உயிர் நழுவிவிடக் கூடாதே என்ற பழைய பயம்.

மகாபாரதத்தில் ஒரு கொட்டாவி, போகவிருந்த உயிரையே மீட்டிருக்கிறது. உத்யோக பர்வத்தில் வருகிற கதை இது. சண்டையில் விருத்திராசுரன் இந்திரனை அப்படியே விழுங்கிவிட்டான். பதறிப்போன தேவர்கள் கொட்டாவியை உண்டாக்கி அவன்மேல் ஏவினார்கள். அசுரன் வாய் திறந்ததுதான் தாமதம், இந்திரன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு வெளியே குதித்துவிட்டான்! அன்றிலிருந்துதான் உயிர்களுக்கெல்லாம் கொட்டாவி வருகிறதாம்.

கிரேக்கர்களுக்கு இவ்வளவு கற்பனை இல்லை. கொப்பரை கொதித்தால் ஆவி கிளம்புகிற மாதிரி, காய்ச்சலுக்கு முன்னால் உடம்புக்குள் சேர்ந்த காற்று வெளியேறுவதுதான் கொட்டாவி என்கிறது ஹிப்போகிரடீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல். நம் சித்த வைத்தியர்கள் காரணத்தோடு நிற்காமல், என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். தும்மல், பசி, கண்ணீர் என்று அடக்கக் கூடாத 14 வேகங்களில் கொட்டாவியையும் சேர்த்தார்கள். ஆனால் நாம்? கிளாஸில் கொட்டாவி விட்ட பையனைப் பெஞ்சு மேல் ஏற்றினோம்!

'ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் கொட்டாவி வரும்' என்று நீங்களும் படித்திருப்பீர்கள். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் புரோவைன் இதைச் சோதித்து 1987-ல் முடிவை வெளியிட்டார். மாணவர்களைச் சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வைத்தார், கொட்டாவி குறையவில்லை. கரியமில வாயு கலந்த காற்றைக் கொடுத்தார். மூச்சு வேகமாயிற்றே தவிர, கொட்டாவி கூடவில்லை! அட, கர்ப்பத்தில் நீருக்குள் மிதக்கிற சிசுவே கொட்டாவி விடுகிறதே, ஸ்கேனில் தெரிகிறதே... அங்கே ஏது காற்று?

பிறகு எதற்காக? சூடேறிய மூளையைக் குளிர வைக்க என்றார்கள் ஆண்ட்ரூ கேலப்பும் கார்டன் கேலப்பும். 2007-ல் அவர்கள் வெளியிட்ட சோதனையில், நெற்றியில் வெதுவெதுப்பான ஒத்தடம் வைத்துக்கொண்டு பிறர் கொட்டாவி விடும் படத்தைப் பார்த்தவர்களில் 41 சதவிகிதம் பேருக்குத் தொற்றிக்கொண்டது. ஜில்லென்ற ஒத்தடம் வைத்தவர்களில் 9 சதவிகிதம்தான். எல்லா விஞ்ஞானிகளும் இதை ஏற்கவில்லை. ஆனால் தூங்கப் போகும்போதும் விழிக்கும்போதும், அதாவது மூளை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதுதான் கொட்டாவி அதிகம் வருகிறது என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பையன் வாத்தியாரை அவமதிக்கவில்லை. கண் சொக்குகிற மத்தியான வேளையில் அவன் மூளை விழித்திருக்கத்தான் மல்லுக்கட்டியிருக்கிறது.

கிளாஸில் தோற்றால் பரவாயில்லை. ராத்திரி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவருக்கு அடுத்தடுத்து நாலைந்து கொட்டாவி வந்தால், அந்த மல்லுக்கட்டில் தூக்கம் ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஜன்னலை இறக்கிக் காற்று வாங்குவதும் ரேடியோவைச் சத்தமாக வைப்பதும் அதிக நேரம் தாங்காது. வண்டியை ஓரங்கட்டி, ஒரு டீ குடித்துவிட்டு, இருபது நிமிஷம் கண்ணை மூட வேண்டியதுதான்.