ஊசி முனையில் ஓர் எஞ்சின்

1947-இல் அமெரிக்கர் ரே ஆர்டென் க்ளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் அங்கே பெட்ரோல் மாடல் விமானங்கள் பேட்டரியையும் காயிலையும் சுமந்து பறந்தன. இதில் ஒருமுறை சூடேற்றினால் போதும். மெத்தனால் ஆவி பட்டுப் பிளாட்டினக் கம்பி தானே கனன்றுகொண்டிருக்கும்.

அந்த எஞ்சின்தான் பிறகு ரிமோட் பக்கி கார்களுக்கும் வந்தது. எட்டில் ஒரு பங்கு அளவு பக்கிக்கு 3.5 சிசி வரம்பு. எஞ்சின் வாங்கும்போது நான் குதிரைத்திறனை மட்டும் பார்த்தேன். மண் தடத்தில் வளைவிலிருந்து கிளம்பும் இழுவைதான் முக்கியம்னு தோற்ற பிறகே புரிந்தது.

அப்புறமும் ஆசை விடவில்லை. எரிபொருள் ஊசியை இறுக்கினேன். வேகம் ஏறிச்சு, புகை நின்னுது. எரிபொருளோடுதான் எண்ணெயும் வருகிறது என்பதை மறந்துபோனேன். சில சுற்றிலேயே பிஸ்டன் ஜாமாயிடுச்சு.

ஆர்டென் காயிலை எடுத்ததும், எரியும் நேரம் பிளக்கின் சூட்டையும் கலவையையும் சார்ந்ததாகிவிட்டது. அதைக் கணிப்பது நம் காதும் கண்ணும்தான். இப்போதெல்லாம் மெல்லிய புகைக்கோடு தெரிந்தால்தான் காரைத் தடத்தில் விடுகிறேன்.