வட்டத்தில் நின்ற சைக்கிள்: மலைப் பந்தயமும் அச்சுத்தாளும்

ஊர் மந்தையின் நடுவே ஒரு கம்பம். அதிலிருந்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய டியூப்லைட்டுகள், புளியமரத்தில் குழாய் ஒலிபெருக்கி, கீழே இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சைக்கிள். ஐந்து நாளோ ஏழு நாளோ கால் தரையில் படாமல் ஓட்டுவதாக அந்த ஆள் ஊராரிடம் ஒப்புக்கொண்டிருப்பார். சைக்கிளில் இருந்தபடியே பல் துலக்குவார், குளிப்பார், சட்டை மாற்றுவார், சாப்பிடுவார். கூட்டம் கூடும் மாலை வேளையில் நெஞ்சில் டியூப்லைட் உடைப்பதும், உடன் வந்தவரைக் குழியில் புதைத்து எடுப்பதும், ரெக்கார்டு டான்ஸும் சேர்ந்துகொள்ளும். மனம் இளகியவர்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள். தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வருவதற்கு முன் தென்மாவட்டக் கரிசல் கிராமங்களில் வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ‘சைக்கிள் சுத்துறாங்க’ என்றாலே போதும்.

பிரான்சு நாட்டை ஒவ்வொரு ஜூலையிலும் சுற்றிவரும் டூர் தெ பிரான்சு பந்தயமும் இந்த மந்தைச் சைக்கிளும் ஒரே வித்திலிருந்து வந்தவை என்பது இக்கட்டுரையின் வாதம். ஒன்று மலையேறி உலகப் புகழ் பெற்றது. மற்றொன்று வட்டத்திலேயே நின்றது. ஓட்டியவர்களின் தொடை வலுவில் இதற்குக் காரணம் இல்லை. பார்ப்பவர் காசு யாருக்கு, எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் இருக்கிறது. அந்த வழியின் பெயர் அச்சுத்தாள். அச்சுத்தாளைப் பற்றிப் பேச சிவகாசியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

வித்து ஒன்றே என்பதற்குச் சான்று பாரிசில் நடந்த ஒரு மதியச் சாப்பாடு. 1902 நவம்பர் 20 அன்று, விற்பனை படுத்துக் கிடந்த ‘லோட்டோ’ என்ற விளையாட்டு நாளிதழின் ஆசிரியர் ஆன்ரி தெகிரான்ஜும் அவருடைய இளம் நிருபர் ஜியோ லெஃபேவ்ரும் உணவகத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு நாள் பந்தயத்தை மைதானத்திலிருந்து சாலைக்குக் கொண்டுபோனால் என்ன என்பது லெஃபேவ்ரின் யோசனை. ஆறு நாள் பந்தயம் அப்போது பழகிப்போன கேளிக்கை. 1878இல் லண்டன் இஸ்லிங்டனில் ஒரு கூடத்துக்குள் தொடங்கி, 1891இல் நியூயார்க் மேடிசன் சதுக்கத் தோட்டத்துக்குப் போனது. தூக்கம் கெட்டுக் கண் சொருகிய ஓட்டிகள் வட்டமடிப்பதை மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று நியூயார்க்கில் சட்டமே வந்தது. நம் மந்தைச் சைக்கிளின் பணக்காரத் தாயாதி என்று அதைச் சொல்லலாம்.

லோட்டோவின் தேவை கலைத்தாகம் அல்ல, பிழைப்பு. பச்சைத் தாளில் வந்துகொண்டிருந்த ‘லெ வேலோ’ நாளிதழின் ஆசிரியர் பியேர் ஜிஃபார், ராணுவ அதிகாரி டிரைஃபஸ் மீது தொடுக்கப்பட்டு நாட்டையே பிளந்த தேசத்துரோக வழக்கில் டிரைஃபஸ் பக்கம் நின்றார். எதிர்ப்பக்கம் நின்ற கார் உற்பத்தியாளர் தெ தியோனும் அவர் கூட்டாளிகளும் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, மஞ்சள் தாளில் லோட்டோவைப் போட்டிப் பத்திரிகையாகத் தொடங்கினார்கள். அரசியல் சண்டையில் பிறந்த அந்தப் பத்திரிகைக்குத்தான் வாசகர் வேண்டியிருந்தது. 1903 ஜூலை 1 அன்று பாரிசுக்கு வெளியே மோன்ஜெரோனில் ஒரு காப்பிக் கடை முன்பிருந்து 60 பேர் புறப்பட்டார்கள். ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். முடித்தவர்கள் 21 பேர், வென்றவர் மொரீஸ் காரான். சுமார் 25,000 பிரதி விற்ற பத்திரிகை 65,000 வரை ஏறியது. அடுத்த ஆண்டே லெ வேலோ மூடப்பட்டது. 1933 ஜூலையில் லோட்டோ எட்டரை லட்சத்தைத் தொட்டது. இத்தாலியில் இளஞ்சிவப்புத் தாளில் வந்த ‘லா கசெத்தா தெல்லோ ஸ்போர்ட்’ 1909இல் ‘ஜிரோ’ பந்தயத்தைத் தொடங்கியது. பிரான்சில் முன்னிலை வகிப்பவருக்கு மஞ்சள் சட்டை, இத்தாலியில் இளஞ்சிவப்புச் சட்டை. சட்டையின் நிறத்திலேயே தாளின் நிறம் இருக்கிறது.

மைதானத்தைவிட்டு சாலைக்குப் போனதில் ஒரு விசித்திரம் நேர்ந்தது. பந்தயத்தை யாராலும் முழுதாகப் பார்க்க முடியாமல் போயிற்று. சாலையோரத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், கொஞ்சம் புழுதி. முதல் பந்தயத்தைப் பின்தொடர்ந்த லெஃபேவ்ரே ரயிலிலும் சைக்கிளிலும் மாறி மாறி ஓடினார். பார்க்க முடியாததைப் படித்தாக வேண்டும். இன்று யார் முந்தினார், நாளை என்ன ஆகும் என்று அறிய மறுநாள் காலைப் பத்திரிகையைத் தவிர வேறு வழியில்லை. அதாவது அது ஒரு தொடர்கதை. கல்கிக்கும் ஆனந்த விகடனுக்கும் காத்திருந்த தமிழ் வாசகருக்கு அந்த உத்தியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொடர்கதைக்குத் திருப்பம் வேண்டும். சமவெளி அதைக் கொடுக்காது. மலை அங்கேதான் நுழைகிறது.

1910 தொடக்கத்தில் அல்போன்சு ஸ்தெனேஸ் என்ற லோட்டோ நிருபர், பிரெனீசு மலையில் 2,115 மீட்டர் உயரத்தில் இருக்கும் தூர்மாலே கணவாயைப் பார்வையிடப் போனார். பனியில் கார் மேலே ஏறவில்லை. இருட்டில் நடந்து, தடுமாறி விழுந்து, விடியும் முன் மறுபக்கத்து ஊரை அடைந்தார். அங்கிருந்து ஆசிரியருக்கு அவர் கொடுத்த தந்தியின் சாரம், சாலை அருமை, தாராளமாகப் போகலாம் என்பது. பத்திரிகை வரலாற்றில் இவ்வளவு பயனுள்ள பொய்கள் குறைவு. அந்த ஜூலை 21 அன்று லூஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர் ஓட்டி, வழியில் தூர்மாலேயையும் ஒபிஸ்க் கணவாயையும் ஏறிய ஒக்தாவ் லாப்பிஸ், ஒபிஸ்கில் நின்றிருந்த அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தினார். கத்தியவரே அந்த ஆண்டின் வெற்றியாளர். அடுத்த ஆண்டு ஆல்ப்ஸின் காலிபியேர் கணவாயும் சேர்க்கப்பட்டது. கொடுமை கூடக்கூடக் கதை நீண்டது.

1913இல் நடந்தது இன்னும் ஒரு படி மேல். முன்னணியில் இருந்த யூஜேன் கிறிஸ்தோஃபின் சைக்கிள் போர்க் தூர்மாலே இறக்கத்தில் முறிந்தது. வெளியார் உதவி கூடாது என்பது விதி. சைக்கிளைச் சுமந்துகொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சேந்த் மரி தெ கம்பான் என்ற ஊரின் கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். துருத்தி ஊதிக்கொடுத்தது ஒரு பையன் என்பதற்காக நேர அபராதமும் விழுந்தது. மணிக்கணக்கில் நேரம் இழந்து பந்தயம் கைவிட்டுப் போனாலும், இன்று அந்த ஊரில் அதற்கு நினைவுப் பலகை இருக்கிறது. 1919இல் மஞ்சள் சட்டை அறிமுகமானபோது முதலில் அணிந்தவரும் இவரே. பட்டறையில் அடித்த போர்க்கும் துருத்தி ஊதிய பையனும் மறுநாள் பத்திரிகையில் எத்தனை பத்தியாக விரிந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இப்போது சிவகாசிக்கு வருவோம். இங்கும் மலைக்கும் அச்சுக்கும் உறவு உண்டு, ஆனால் அது வேறு தடத்தில் போனது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்வதால் கிழக்கே இருக்கும் இந்தக் கரிசல் பூமி வறண்டு கிடக்கிறது. விவசாயத்துக்குச் சாபமான அந்த வறட்சி தீக்குச்சி காய்வதற்கு வரமாயிற்று. அ. சண்முக நாடாரும் ப. அய்ய நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று, மறு ஆண்டு திரும்பி ஊரில் தொடங்கினார்கள். பட்டாசு பின்னால் வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்ட லேபிள் வேண்டும் என்பதால் அச்சகங்கள் வந்தன. லேபிளிலிருந்து காலண்டர், டைரி, பாடநூல் என்று தொழில் விரிந்தது.

ஆனால் சிவகாசி அச்சடித்தது செய்தியை அல்ல. தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் நாளுக்கு ஒரு தாள்தான், பத்திரிகை போலவே. ஆடிப் பெருக்கன்று புது ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கும்போதே அடுத்த ஆண்டின் வேலை தொடங்கிவிடும். 365 நாளின் ராகு காலமும் எமகண்டமும் நல்ல நேரமும் மார்கழிக்கு முன்பே அச்சாகித் தைத்து முடிந்துவிடும். காலண்டரின் நாளைக்கு மர்மம் கிடையாது. பல கட்டப் பந்தயத்தின் மூலதனமே அச்சாகாத நாளைதான். சிவகாசியின் அச்சும் பாரிசின் அச்சும் ஒரே எந்திரத்தில் ஓடியிருந்தாலும் காலத்தைக் கையாண்ட விதத்தில் எதிரெதிர்.

செய்தி அச்சடித்த தமிழ்ப் பத்திரிகைகள் ஏன் செய்யவில்லை என்ற கேள்வி எழும். சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய ‘தினத்தந்தி’, டீக்கடை வரை நாளிதழைக் கொண்டுபோனது. தொடரின் வலிமை அதற்கு நன்றாகத் தெரியும். 1960இல் தொடங்கிய கன்னித்தீவு படக்கதை முடிவதாக இல்லை என்பது தமிழர் எல்லோருக்கும் தெரிந்த நகைச்சுவை. சாலையில் நாள்தோறும் நகரும் தொடர்கதையும் தமிழருக்குப் புதிதல்ல. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்பு யாத்திரை, சுமார் 150 மைல் நடந்து வேதாரண்யம் சேர்ந்தது. இன்று எந்த ஊரில் தங்கல், யார் சோறு போட்டார்கள், போலீசு என்ன செய்தது என்பதெல்லாம் நாள்கதையாயிற்று. விருதுநகரின் காமராஜர் சிறை சென்றதும் அந்தப் போராட்ட ஆண்டில்தான். தமிழ்ச் சாலையின் தொடர்கதையை முதலில் அரசியலும் பிறகு சினிமாவும் எடுத்துக்கொண்டன. சைக்கிளுக்கு அந்தப் பக்கத்தில் இடம் மிஞ்சவில்லை.

தமிழருக்குச் சாலைப் பந்தயத்தில் ஆர்வம் இல்லை என்று சொல்வாரும் உண்டு. அது தவறு. கோயில் கொடையை ஒட்டி விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களில் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள், போகவர இத்தனை மைல் என்று கணக்கு, வண்டிகளுக்குப் பின்னால் கூச்சலோடு பாயும் மோட்டார் சைக்கிள்கள். சாலையோரக் கூட்டம் ஆல்ப்ஸ் மலையோரக் கூட்டத்துக்கு இளைத்ததல்ல. ஆனால் பந்தயம் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடியும். போன வண்டி திரும்பி வந்துவிடுவதால் ஊரார் எல்லையையும் முடிவையும் நேரிலேயே பார்த்துவிடுகிறார்கள். படிக்க வேண்டியது எதுவும் பாக்கியில்லை. பல நாள் தாங்கும் உடல் மந்தையில் இருந்தது, சாலை வண்டிப் பந்தயத்தில் இருந்தது, தாள் சிவகாசியில் இருந்தது. மூன்றும் சேரவில்லை.

சேர்த்துவைக்கக் கூடிய இன்னொரு கை சைக்கிள் கம்பெனி. காரானின் வெற்றியை லா ஃபிரான்சேஸ் சைக்கிள் விளம்பரமாக்கியது. பிறகு அல்சியோனும் பூஜோவும் அணிகளையே வைத்திருந்தன. நம்மிடம் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்சுடன் சேர்ந்து 1949இல் சைக்கிள் தொழிலில் இறங்கி, அம்பத்தூரில் ஆலை அமைத்தது. ஆனால் உரிமமும் ஒதுக்கீடும் சந்தையைத் தீர்மானித்த காலம் அது. மலையில் யாரையாவது வெல்லவைத்துத்தான் சைக்கிள் விற்க வேண்டும் என்ற நெருக்கடி எந்தக் கம்பெனிக்கும் இல்லை என்பது இக்கட்டுரையின் கணிப்பு. வாங்கியவர்களும் வேகத்துக்காக வாங்கவில்லை. பால் கேனும் துணிமூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஏறிய கேரியர்தான் தமிழ்ச் சைக்கிளின் உண்மையான உறுப்பு. புதுக்கோட்டையில் 1991-92இல் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றியபோதும் பேச்சு வெற்றியைப் பற்றியதாக இல்லை, போய்வரும் சுதந்திரத்தைப் பற்றியதாக இருந்தது.

மலையைப் பொறுத்தவரை, சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் நிலை வேடிக்கையானது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் நிமிர்ந்தால் மலைதான். அதைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகும் மோட்டார் சாலை மட்டும் மாவட்டத்தில் கிடையாது. தெற்கே செங்கோட்டை, இல்லையேல் வடக்கே கம்பம் போக வேண்டும். நடுவே இருக்கும் காடு 2021 முதல் புலிகள் காப்பகம்.

தமிழ்நாட்டில் பல நாள் மலைச் சைக்கிள் பயணம் உருவானது நீலகிரியில். பெங்களூரு ரைட்-அ-சைக்கிள் அறக்கட்டளை 2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’, கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் மூன்றையும் தொட்டுப் போவது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகள்தான் அதன் தூர்மாலே. சில பகுதிகளில் நேரம் கணக்கிட்டுப் போட்டியும் வைக்கிறார்கள். ஆனாலும் அது தொழில்முறைப் பந்தயம் அல்ல. ஓட்டுபவரே கட்டணம் கட்டி ஓட்டுகிறார். மந்தையில் பார்ப்பவர் கொடுத்தார், பிரான்சில் படிப்பவர் கொடுத்தார், நீலகிரியில் ஓட்டுபவர் கொடுக்கிறார். கல்லட்டியில் மூச்சுத் திணற ஏறும் மென்பொருள் பொறியாளருக்குத் தன் கதையை மறுநாள் யாரிடமும் விற்க வேண்டியதில்லை. கைப்பேசியில் அவரே எழுதிக்கொள்கிறார்.

இந்த வாதத்தைச் சோதிக்க விரும்புபவர் ஒரு தடங்கலைச் சந்திப்பார். மந்தைச் சைக்கிளுக்கு ஆவணம் மிகக் குறைவு. நிகழ்ச்சிக்கு முன் அடித்த நோட்டீசு ஒன்றிரண்டு பழைய அச்சகக் கட்டுகளில் கிடைக்கலாம். மைக்செட் கடைக் கணக்கில் வாடகை பதிவாகியிருக்கலாம். ஒலிபெருக்கியில் ‘இன்று ஐந்தாம் நாள்’ என்று அறிவித்த குரல் அன்றே காற்றில் போயிற்று. 1903 பந்தயத்தில் கடைசியாக, 21ஆவதாக வந்தவர் ஆர்சென் மில்லோஷோ. காரானுக்கு ஏறத்தாழ 65 மணி நேரம் பிந்தி வந்த அவருடைய பெயரும் நேரமும் நூற்றாண்டு கடந்தும் பட்டியலில் இருக்கின்றன. மந்தையில் ஏழு நாளையும் முடித்து, எட்டாம் நாள் காலை மாலையோடு இறங்கியவரின் பெயரைக் கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் ‘சைக்கிள்காரர்’ என்கிறார்கள்.