'எவ்ரிவன்' என்றால் அவனா, அவளா, அவரா?

ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது எம்மில் பலருக்கும் அதே ஐயங்கள்தான் வருகின்றன. இங்கே காற்புள்ளி வேண்டுமா? 'லெஸ்' சரியா, 'ஃபியூவர்' சரியா? (இந்த இரண்டாவது, 1770இல் றொபேட் பேக்கர் என்பவர் தமக்கு நன்றாகப் படுகிறது என்று எழுதிய ஒரு விருப்பம். பின்வந்தவர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள்.) ஆனால் பெண்கள் பாடசாலையில் படித்த எமக்கு இவை எல்லாவற்றையும் விட நெருக்கமான கேள்வி ஒன்று உண்டு. 'எவ்ரிவன்' என்று தொடங்கும் வாக்கியத்தில் 'ஹிஸ்' வரவேண்டுமா, 'தெயர்' வரலாமா?

'தெயர்' என்று எழுதினால் சிவப்பு மை விழுந்த தலைமுறை நாங்கள். வகுப்பில் ஓர் ஆண் பிள்ளைகூட இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் 'ஹிஸ் புக்' தான் கொண்டுவர வேண்டும். அது ஆங்கிலம் பிறந்த நாளிலிருந்தே இருக்கும் விதி என்று நம்பியிருந்தோம்.

அப்படியல்ல. ஒருவரைக் குறிக்கவும் 'தே', 'தெயர்' ஆகிய சொற்களை ஆங்கிலேயர் 14ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரும் எழுதினார், ஜேன் ஒஸ்டினும் எழுதினார். 18ஆம் நூற்றாண்டில் இலத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைத் திருத்தப் புறப்பட்டவர்களே இதைப் பிழையென்றனர். அவர்களுள் இருவர் பெண்கள் பாடசாலையோடு தொடர்புடையவர்கள். நியூகாசில் நகரில் பெண்களுக்கான பாடசாலை நடத்திய ஆன் ஃபிஷர், ஆண்பாற் பிரதிப்பெயர் இருபாலாரையும் குறிக்கும் என்று எழுதிய முதல் ஆங்கில இலக்கண ஆசிரியர்களுள் ஒருவர். அமெரிக்காவிலிருந்து வந்து யோர்க் நகருக்கு அருகே குடியேறிய லிண்ட்லி மரே, அங்கிருந்த குவேக்கர் பெண்கள் பாடசாலையின் ஆசிரியைகள் கேட்டதற்கிணங்கவே 1795இல் தமது இலக்கண நூலை எழுதினார். 'தெயர்' வரும் வாக்கியங்களை 'ஹிஸ்' என்று திருத்தும் பயிற்சியும் அவர் கொடுத்ததுதான். அந்நூல் பல பதிப்புகள் கண்டு கடல் கடந்தது.

மரேயும் ஒரு குவேக்கர். அவருடைய சமயத்தவர் முந்திய நூற்றாண்டில், பன்மைச் சொல்லான 'யூ' ஒருவருக்கு ஆகாது என்று 'தௌ' சொல்லி அடியும் வசையும் வாங்கியவர்கள். அந்த வழக்கில் 'யூ' வென்றது. இன்று அதைப் பிழையென்பார் யாருமில்லை.

இதெல்லாம் வெறும் கொப்பித் திருத்தமென்று விட்டுவிடலாம், சட்டம் அதற்குள் வராமலிருந்திருந்தால். 1850இல் பிரித்தானியப் பாராளுமன்றம், சட்டங்களில் ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று விதித்தது. 1867இல் வாக்குரிமைச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, 'மனிதன்' என்று ஆண்பாலில் இருந்த சொல்லை 'ஆள்' என்று மாற்றும்படி ஜோன் ஸ்ருவட் மில் கேட்டார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. ஆண்பால் எம்மையும் குறிக்குமென்று சட்டமே சொல்கிறதே என்று மன்செஸ்ரரில் 5,000க்கும் மேற்பட்ட பெண்கள் வாக்காளர் பதிவு கோரினர். 1868இல் நீதிமன்றம் மறுத்தது. வரி கட்டுவதற்கு 'ஹீ' என்பதற்குள் பெண் இருந்தாள், வாக்களிப்பதற்கு இல்லை. அங்கே ஆணுக்குச் சமமான வாக்குரிமை 1928இல் வந்தது. இலங்கையில் 21 வயது நிரம்பிய பெண்கள் 1931இல் பெற்றார்கள்.

எம்மில் மருத்துவம் படித்தவர்களுக்கு இதே கதை வேறு உருவில் தெரியும். பாடநூலில் நோயாளி 'ஹீ', வைத்தியர் 'ஹீ', தாதி மட்டும் 'ஷீ'. அஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் 22,071 வைத்தியர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1989இல் வந்தது. அத்தனை பேரும் ஆண்கள். 39,876 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005இல்தான் வெளிவந்தது: மொத்தத்தில் பக்கவாதம் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. இதைப் பிரதிப்பெயரின் குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குள் அவள் அடக்கம் என்று எண்ணும் பழக்கம் இரண்டிலும் ஒன்றே.

வேடிக்கை என்னவென்றால், 'தெயர்' எழுதிய எம் கை தமிழில் பழகிய கை. 'ஒருவர்' என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, அது பன்மை வினை கொள்ளும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூல் சொல்லிவிட்டது. 'ஒவ்வொருவரும் தத்தம் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும்' என்போம். 'தன்' என்று ஒருமையில் சொன்னால் காதுக்கு இடிக்கும். பவணந்தியார் சிவப்பு மை போட்டிருக்கமாட்டார்.

இப்போது காற்று மாறிவிட்டது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடைக் கையேடு 2019இலும், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கையேடு 2020இலும் ஒருமைக்கு 'தே' எழுதுவதை ஏற்றுக்கொண்டன. எழுதத் தயங்க வேண்டியதில்லை. பழைய விதியை விடாத மேலதிகாரிக்குக் கடிதம் எழுத நேர்ந்தாலும் 'ஹிஸ்' வேண்டாம். வாக்கியத்தின் தொடக்கத்தையே பன்மையாக்கிவிடலாம். 'எவ்ரிவன்' இருந்த இடத்தில் 'ஓல்' வந்துவிட்டால், 'தெயர்' மீது மரேகூடக் கைவைக்க முடியாது.