வீட்டில் செய்த ஆர்கேட் பெட்டி

1972-இல் கலிபோர்னியாவின் சன்னிவேலில், ஆண்டி கேப்ஸ் மதுக்கூடத்தில் அட்டாரி நிறுவனம் வைத்த 'பாங்' விளையாட்டின் முதல் மாதிரியே ஏறக்குறைய கைவேலைதான். பொறியாளர் ஆலன் ஆல்கார்ன், கடையில் வாங்கிய கருப்பு வெள்ளை டிவியை நான்கடி மரப்பெட்டிக்குள் பொருத்தி, காசு போடும் அமைப்பைப் பக்கத்தில் மாட்டினார். சில நாட்களில் அது நின்றுபோனது. திறந்து பார்த்தால் மின்சுற்றில் பழுதில்லை; காசு நிரம்பி அடைத்திருந்தது. இதைவிட நல்ல சந்தை ஆய்வு கிடைக்காது.

பிறகு பெட்டிகள் தொழிற்சாலைக்குப் போயின. விளையாட்டுக்கு விளையாட்டு வயரிங் மாறியது. 1985-இல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் வகுத்த 56 முனை 'ஜாமா' இணைப்பு வந்தபின், விளையாட்டின் சுற்றுப்பலகையைக் கழற்றி வேறொன்றைச் செருகினால் போதும் என்றானது.

1997-இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட 'மேம்' மென்பொருள் பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டியது. வீட்டிலேயே பெட்டி செய்யும் தச்சுவேலை அதனால் சூடுபிடித்தது. ஆரம்பத்தில் பலர் பழைய கீபோர்டைப் பிரித்து, அதன் சுற்றுப்பலகையில் ஜாய்ஸ்டிக் வயர்களைப் பற்றவைத்தார்கள். ஆனால் அதில் இருவர் ஒரே நேரத்தில் பல பொத்தான்களை அழுத்தினால் சில அழுத்தங்கள் பதிவாகாது; சண்டை விளையாட்டில் அது பெரிய வம்பு. அழுத்தங்களைக் கணினிக்குச் சொல்லும் தனி என்கோடர் பலகைகள் அதைச் சரிசெய்தன. 2012-இல் ராஸ்பெர்ரி பை வந்ததும் கணினி உள்ளங்கைக்குள் அடங்கியது. தட்டைத் திரைகளால் கனமான படக்குழாயும் இல்லாமல் போனதால் பெட்டிக்கு ஆழம் தேவையில்லை. ஆனாலும் பலர் பிளைவுட்டைப் பழைய அளவிலேயே அறுக்கிறார்கள்.