கடல்வழியில் பக்குவமான மது: மதீரா வணிகமும் சேலம் மாவட்டமும்

சேர்வராயன் மலையின் காபி வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபியைக் கொண்டுவந்ததும், ஏற்காடு, நாகலூர்ச் சரிவுகள் தோட்டங்களானதும் தெரிந்த செய்திகள். தோட்டத் துரைமார்களோடு வந்த இறக்குமதி மதுவைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியில் சென்னை மாகாண வெள்ளையர்கள் விரும்பிக் குடித்தவற்றுள் முதன்மையானது மதீரா. அதன் சுவை உருவானதில் இந்தியாவுக்கான கடல்வழிக்கும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மதீரா, மொராக்கோவுக்கு மேற்கே அட்லாண்டிக்கில் உள்ள போர்ச்சுகீசியத் தீவு. அதன் தலைநகர் ஃபுஞ்சால், கீழ்த்திசைக்குக் கிளம்பிய கும்பினிக் கப்பல்கள் நீரும் உணவும் ஏற்றிக்கொள்ளும் இடம். அங்கேயே மதுப் பீப்பாய்களும் ஏறின. இங்கிலாந்தின் 1663ஆம் ஆண்டுச் சட்டம், ஐரோப்பியச் சரக்கெல்லாம் ஆங்கிலத் துறைமுகம் வழியாகவே குடியேற்றங்களுக்குச் செல்லவேண்டும் என்றது. மதீரா மதுவுக்கோ விலக்கு அளித்தது. அமெரிக்கக் குடியேற்றங்களில் இந்த மது பரவியதற்கு அந்த விலக்கே காரணம் என்பார்கள். கீழைக்கடல் வணிகத்துக்கோ, கப்பல் நிற்கும் இடமாக அத்தீவு அமைந்ததே போதுமானதாக இருந்தது.

சாதாரணத் திராட்சை மது நீண்ட பயணத்தில் புளித்துக் கெடும். அதற்குத் தடுப்பாகச் சாராயம் சேர்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதீராவில் பரவியது. நொதித்தல் முடியுமுன் சாராயம் ஊற்றினால் நொதி செயலிழக்கும், மிச்சச் சர்க்கரை இனிப்பாகத் தங்கும். போர்ட் மதுவின் அடிப்படையும் இதுதான். ஆனால் மதீராவுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. கப்பலின் அடித்தட்டில் நிலநடுக்கோட்டு வெப்பத்தில் மாதக்கணக்கில் கிடந்த பீப்பாய்கள், கெடுவதற்குப் பதிலாகச் சுவை கூடி வந்தன. இந்தியா வரை போய்த் திரும்பிய பீப்பாய்க்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. அதை 'வின்யோ த ரோதா' என்றார்கள். பின்னர், கப்பல் வெப்பத்தைக் கரையிலேயே உண்டாக்கும் சூட்டறைகள் வந்தன. இன்றும் அந்த முறையில் 45 முதல் 50 பாகை வெப்பத்தில் குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். வெப்பமண்டலக் கடலைப் போலச் செய்கிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

சென்னையில் அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தன. 1792இல் திப்புவிடமிருந்து சேலம் கும்பினியிடம் வந்தபின் உள்நாட்டுக்கும் சரக்கு போனது, மாட்டுவண்டியில். 1860களின் தொடக்கத்தில் சேலம் வழியாகப் பேப்பூர்வரை ரயில் ஓடியது. சென்னையில் 1863இல் தொடங்கிய ஸ்பென்சர் போன்ற கடைகள் வெளிநாட்டுச் சரக்கைப் பரப்பின.

அதற்குள் மதீராவின் நல்ல காலம் முடிந்துகொண்டிருந்தது. 1850களில் சாம்பல் நோயும் 1870களில் ஃபில்லாக்ஸரா பூச்சியும் திராட்சைத் தோட்டங்களை அழித்தன. 1869இல் திறந்த சூயஸ் கால்வாயால் இந்தியா வரும் கப்பல்களுக்கு ஃபுஞ்சாலுக்குப் போகவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. தென்னிந்தியக் கிளப்புகளில் விஸ்கி மேலோங்கியது. நோயைவிடக் கால்வாய்தான் பெரிய அடி என்பது என் கணிப்பு: கொடிகளை மறுபடி நடலாம், வழி மாறினால் வாடிக்கை போய்விடும்.

சேலத்துக்கு இந்த வரலாற்றில் வேறொரு இடமும் உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்திய மாவட்டம் இதுவே. அடுத்தடுத்து வேறு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. இழந்த கலால் வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 

வணிகம் நின்றாலும் மதுவின் ஒரு பயன்பாடு நிற்கவில்லை. ஏற்காட்டில் கத்தோலிக்கப் பள்ளிகளாக 1894இல் திரு இருதயப் பள்ளியும் 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளியும் தோன்றின. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சை இரசம் இன்றியமையாதது. அது திராட்சையிலிருந்தே வரவேண்டும், கெட்டிருக்கக்கூடாது என்பது திருச்சபை விதி. இரசம் கெடாதிருக்கத் திராட்சைச் சாராயம் சேர்க்கலாம், வலிமை 18 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என 1896இல் ரோமாபுரி தெளிவுபடுத்தியது. ஃபுஞ்சால் வணிகர்கள் கையாண்ட அதே உபாயம்தான். தமிழ்நாட்டில் திருப்பலி இரசத்துக்கெனத் தனியாக 1984இல் விதிகள் உண்டாக்கப்பட்டன.

இந்தியாவில் இன்று போர்ட் என்ற பெயரில் விற்கும் மலிவான இனிப்பு மது, கோவாவின் போர்ச்சுகீசிய மரபை நினைவூட்டுவது. அதற்குப் பெரும்பாலும் பெங்களூர் நீலத் திராட்சையே மூலப்பொருள். போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்குப் போர்ட்டின் உறவென்று அதைச் சொல்வது கஷ்டம்.

மதீரா வணிகத்தைப் பெரும்பாலும் ஃபுஞ்சாலிலிருந்தும் லண்டனிலிருந்தும் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். குடித்தவர்கள் இருந்த இடத்திலிருந்தும் எழுத வேண்டும். சேர்வராயன் மலைத் தோட்டங்களில் பழைய கணக்கேடு, சரக்குச் சீட்டு வைத்திருப்போர் அவற்றைப் பழைய தாளாக எடைக்குப் போட்டுவிடாமல், எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நகலாவது கொடுக்க வேண்டும்.