தறிக்கு அப்பால்: திருத்தணி வட்டாரத்தில் வீட்டுத் தையலின் வரலாறு

திருத்தணி வட்டாரத்தின் துணி வரலாறு இதுவரை பெரும்பாலும் தறியின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மலைக்கோயிலுக்கு மேற்கிலும் வடமேற்கிலும் பரவியுள்ள பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு ஆகிய ஊர்களும், எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் உள்ள நகரியும் நெசவால் பெயர்பெற்றவை என்பதால் இது இயல்பே. தறிக்கு வரி இருந்தது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே தறியிறை இடம்பெறுகிறது. நெசவாளருக்குச் சாதி அமைப்பும் பிற்காலத்தில் கூட்டுறவுச் சங்கமும் இருந்தன. ஆனால் தறியிலிருந்து இறங்கிய துணி வீட்டுக்குள் வந்தபின் அதைக் கிழித்து, மடித்து, ஒட்டுப்போட்டு, குழந்தைக்கும் கிழவருக்கும் ஏற்றபடி மாற்றிய பெண்களின் ஊசிக்கு வரியும் இல்லை, கூலியும் இல்லை. ஆகவே அது ஆவணத்தில் ஏறவில்லை. அந்த உழைப்பு குடும்பச் செலவைக் குறைத்த பொருளாதாரச் செயலாகும். அதைப் பொழுதுபோக்கு என்ற தலைப்பின்கீழ் வைப்பது வரலாற்றுக்கு நியாயமாகாது.

தமிழகத்தில் தையல் பழமையானது என்றாலும் தைத்த உடை நெடுங்காலம் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத் தொழிலாளரிடையே துன்னகாரரை, அதாவது துணி தைப்போரை, வைத்து எண்ணுகிறது. பொருநராற்றுப்படையோ வறிய பொருநனின் உடையை வேற்று நூலால் பல இடங்களில் தைக்கப்பட்ட கந்தையாகக் காட்டுகிறது. வேட்டியும் புடவையும் தறியிலிருந்து வந்தபடியே உடுத்தப்பட்ட ஒரு சமூகத்தில் வீட்டு ஊசியின் முதல் வேலை புதிதாக ஆடை செய்வதாக இருக்கவில்லை. கிழிந்ததைக் காப்பதாகவே இருந்தது. பழைய பருத்திப் புடவைகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, ஓட்டுத் தையலால், அதாவது ஊசியை மேலும் கீழுமாக நேர்க்கோட்டில் ஓட்டும் எளிய தையலால், ஒன்றாக்கி விரிப்பும் போர்வையும் செய்யும் வழக்கம் இதில் முதன்மையானது. தெலுங்கில் 'பொந்த' என்று வழங்கும் இத்தகைய போர்வை, இரு மொழியும் புழங்கும் இந்த எல்லைப் பகுதிக்கு அந்நியமானதன்று. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்தாமல் பலமுறை துவைத்து மென்மையான பழந்துணியைச் சுற்றுவதும், தாயின் புடவையையே தூளியாகக் கட்டுவதும் இதே சிக்கனத்திலிருந்து கிளைத்த வழக்கங்களாகும். அவற்றில் சிக்கனத்தோடு குழந்தையின் தோலைப் பற்றிய நுண்ணறிவும் கலந்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நிலை மாறத் தொடங்கியது. கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்ததும் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியதுமான திருத்தணி, 1860களில் அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா வழியாகக் கடப்பை நோக்கிச் சென்ற இருப்புப்பாதையில் ஒரு நிலையமாயிற்று. ஆலைத் துணியும், கட்டையில் சுற்றிய தையல் நூலும், எஃகு ஊசியும் உள்நாட்டுக் கடைகளை எளிதில் அடைவதற்கு இத்தகைய பாதைகளே வழிவகுத்தன.

ஊசி வேலையைப் பாடமாக்கியவை மிஷன் பள்ளிகள். இதன் தெளிவான தொடக்கம் தெற்கே உள்ளது: நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னலை, அதாவது நூலைக் கட்டைகளில் சுற்றி ஒன்றோடொன்று மாற்றி மாற்றிப் பின்னி வலைபோன்ற அலங்காரக் கரை செய்யும் கலையை, கற்பித்தார்; நெல்லைச் சீமையின் இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா அதே பணியைத் தொடர்ந்தார். நாகர்கோவில் லேஸ் ஐரோப்பியரிடம் விலைபோயிற்று. அந்த வருவாயைக் கொண்டு அடிமைநிலையிலிருந்த சில பெண்கள் தம் விடுதலையை வாங்கிக்கொண்டதாக மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. வடக்கே 1853இல் அமைந்த அமெரிக்க ஆர்க்காடு மிஷன் வேலூர், சித்தூர், இராணிப்பேட்டை முதலிய இடங்களிலும், ஜெர்மானிய ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் திருப்பதி வட்டாரத்திலும் பள்ளிகளை நடத்தின. 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் படித்த பள்ளிகளுள் திருப்பதியின் ஹெர்மன்ஸ்பர்க் பள்ளியும் ஒன்று என்பது, அந்நிறுவனங்களின் வீச்சு இவ்வூர்வரை எட்டியதைக் காட்டும். ஆண்பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் முதன்மையாக இருந்தபோது, பெண்பிள்ளைகளின் பள்ளிகளில் ஊசி வேலைக்குத் தனி இடம் தரப்பட்டது. அடக்கத்தைப் பழக்கும் கருவியாக அதைக் கருதிய மிஷனரிகளின் நோக்கம் குறுகியதே. ஆயினும் கையில் ஒரு திறன் வந்தபின் அதைப் பெண்கள் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதை எந்த நோக்கமும் கட்டுப்படுத்தவில்லை.

வீட்டுத் தையலுக்கு உண்மையான தேவையை உண்டாக்கியது ரவிக்கைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரவிக்கையும் உள்பாவாடையும் பெண்களிடையே பரவலாக வழக்கத்துக்கு வந்தபோது, தைத்த ஆடை முதன்முறையாக ஒவ்வொரு வீட்டின் அன்றாடத் தேவையாயிற்று. கடைத் தையற்காரர் ஆணாக இருந்ததால் அவர்முன் நின்று அளவு கொடுக்கப் பெண்கள் கூசினர். இன்றளவும் வழங்கும் 'அளவு ஜாக்கெட்' முறை, அதாவது பொருத்தமான பழைய ரவிக்கை ஒன்றை மாதிரியாகக் கொடுத்தனுப்பும் முறை, இந்தக் கூச்சத்துக்குக் கிடைத்த ஒரு தீர்வு. மற்றொரு தீர்வு வீட்டிலேயே தைப்பது. பழைய ரவிக்கையைப் பிரித்து, அதன் துண்டுகளைப் புதுத்துணிமேல் வைத்து வெட்டி, கையாலேயே தைத்துப் பழகிய பெண்களே பின்னாளில் தெருவின் முதல் தையல் ஆசிரியைகளாயினர்.

தையல் இயந்திரத்துக்கு ஐசக் சிங்கர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1851இல்; அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 1870களில் இந்தியச் சந்தைக்குள் நுழைந்து, பின்னர்த் தவணை முறையில் இயந்திரங்களை விற்றது. தொடக்கத்தில் அவை பெரும்பாலும் கடைத் திண்ணைகளில் அமர்ந்த ஆண் தையற்காரரிடமே சென்றன. வீட்டுக்குள் அவை வருவதற்குக் காலம் பிடித்தது. இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தியடிகள் 1924இல் ஜி. இராமச்சந்திரனோடு நடத்திய உரையாடலில் சிங்கரின் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைக் கண்ட கணவனின் அன்பில் அது பிறந்தது என்பது அவர் கருத்து. அந்த இராமச்சந்திரனே பின்னர்த் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவர். 1930களில் கல்கத்தாவின் ஜே இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் உஷா இயந்திரத்தை உருவாக்கிய பிறகு, நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது மெல்ல எட்டிற்று. காலால் மிதிக்கும் பெடல் இயந்திரம் மின்சாரம் இல்லாத வீட்டிலும் ஓடியது அதன் பெருஞ்சிறப்பு.

இதே காலத்தில் பெண்கள் அமைப்புகளும் ஊசியைக் கையிலெடுத்தன. 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் கிளைகள் எழுத்தறிவோடு தையலையும் கற்பித்தன. துர்காபாய் 1937இல் சென்னையில் தொடங்கிய ஆந்திர மகிளா சபா தெலுங்குப் பெண்களுக்குக் கல்வியையும் கைத்தொழிலையும் இணைத்துத் தந்தது. 1953இல் உருவான மத்திய சமூக நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவரானபோது, தையல் பயிற்சி நாட்டளவிலான பெண்கள் நலத்திட்டமாயிற்று. திருத்தணியோ அப்போது எல்லைப் பூசலின் நடுவில் இருந்தது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து, 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்துக்குச் சென்ற இவ்வட்டம், ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாகவும் எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படியும் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் இணைந்தது. அதன்பின் தமிழக அரசுப் பள்ளியின் தையல் வகுப்பும், அரசுத் தேர்வுத் துறை நடத்தும் கீழ்நிலை, மேல்நிலைத் தையல் தொழில்நுட்பத் தேர்வுகளும் இவ்வட்டத்துப் பெண்களுக்கும் உரியவையாயின. சங்கிலித் தையல், காம்புத் தையல், பொத்தான் துளைத் தையல் என ஒவ்வொன்றையும் சிறு துணித் துண்டில் செய்து நோட்டில் ஒட்டும் மாதிரித் தொகுப்பு அந்த வகுப்பின் அடையாளம். குடும்பங்களில் பழந்தாளாகக் கழிக்கப்படும் அந்த நோட்டுகள் பெண்கள் கைத்திறனின் முதல்தர ஆவணங்கள். அவற்றை அருங்காட்சியகங்கள் திரட்ட வேண்டும்.

கம்பளி நூலால் ஸ்வெட்டர் பின்னுவது கோடை கடுமையான இந்தப் பகுதியில் வேரூன்றக் காரணமில்லை. குழந்தைக் குல்லாய், காலுறை, கதவுத் தோரணம் ஆகியவற்றோடு உல்லன் நூலின் வேலை பெரும்பாலும் நின்றது. பின்னல் ஆர்வம் வேறொரு பொருளை நாடியது. தட்டையான நீண்ட பிளாஸ்டிக் இழைகளை ஊசியே இல்லாமல் விரல்களால் முடிந்து செய்யும் வயர் கூடை, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாடெங்கும் வீட்டுப் பின்னலாகப் பரவியது. சாதா முடிச்சில் தொடங்கி, சதுரமாகப் புடைக்கும் பிஸ்கட் முடிச்சு, உருண்டு திரளும் நெல்லிக்காய் முடிச்சு, இரு நிறங்களால் கண்போல் தோன்றும் சிவன் கண் என இதன் வகைகள் விரிந்தன. அச்சிட்ட பாடமின்றி, பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் விரலைப் பார்த்தே கற்கப்பட்ட இக்கலையில் அடிப்பகுதிக்கு எத்தனை இழை, எந்த நீளம் என்ற கணக்கு முழுவதும் மனக்கணக்கு. சந்தைக்கும் கோயிலுக்கும் தேங்காய், பழம் சுமந்து சென்ற இந்தக் கூடைகள் பல ஆண்டுகள் உழைத்தன. பிளாஸ்டிக் என்பதற்காகக் கைவினை பற்றிய புத்தகங்கள் இவற்றைப் புறக்கணித்தது பெரும் குறை. முடிச்சின் நுட்பத்தில் இவை லேசுக்கு இளைத்தவையல்ல.

வீட்டுத் தையல் கூலியாக மாறிய கட்டம் அரசுத் திட்டங்களோடு தொடர்புடையது. 1982இல் தொடங்கிய எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடர்ந்து பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசச் சீருடை வழங்கப்பட்டபோது, மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் அவற்றைத் தைக்கும் பொறுப்பை ஏற்றன. வெட்டிய துணியை உறுப்பினர் வீட்டுக்கு எடுத்துச் சென்று, சொந்த இயந்திரத்தில் தைத்து, எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுவது இதன் முறை. கணவனை இழந்தோர், கைவிடப்பட்டோர் முதலியோருக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டம் இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. புடவைக்கு ஃபால்ஸ் வைத்தல், ஓரம் அடித்தல், முந்தானை நூல்களைத் திரித்துக் குஞ்சம் கட்டுதல் ஆகியவை இன்று நெசவூர்களிலும் நகரங்களிலும் ஒருபோல் வீட்டுக் கூலி வேலைகள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் தடைசெய்யப்பட்டதும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதும் இந்த வரிசையில் துணிப்பையைச் சேர்த்தன. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடிகளோடு பெருங்கூட்டம் திரளும் திருத்தணியில் அத்தகைய பைக்குத் தேவை குறைவில்லை. தறித்துணி அருகிலேயே கிடைக்கும் இந்த வட்டாரத்தில், பைக்கு உரிய துணியும் தைக்கும் கையும் ஒரே சாலையில் உள்ளன. இரண்டையும் இணைக்கும் கொள்முதலை நிலையாக அமைப்பது அரசும் கோயில் நிர்வாகமும் செய்யக்கூடிய செயலே.